பேருந்து நிறுத்தத்தில் ஒரு பூதம்

'என் அண்டை வீட்டு டோட்டோரோ' படத்தின் போஸ்டர் உலகம் முழுக்கப் பிரபலம். மழை பெய்யும் இரவு, ஊருக்கு ஒதுக்குப்புறமான ஒரு பேருந்து நிறுத்தம். அங்கே ஒரு சிறுமி நிற்கிறாள். அவளுக்குப் பக்கத்தில், அவளைவிட மிக உயரமும் அகலமுமாக, சாம்பல் ரோமத்தோடு ஓர் உருவம் நேரே வெறித்தபடி நிற்கிறது. படத்தைப் பத்துத் தடவை பார்த்தவர்கள்கூடக் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம் இதில் உண்டு. அந்தச் சிறுமி படத்தில் எங்குமே வரமாட்டாள். படத்தில் இருப்பவர்கள் அக்காள் தங்கை இருவர், பத்து வயது சத்சுகியும் நான்கு வயது மெய்யும். போஸ்டரில் நிற்பவள் இவள் முகமும் அவள் தலைமுடியுமாக இருவரையும் கலந்து வரைந்த மூன்றாமவள்.

போஸ்டரை அச்சிட்டவர்கள் செய்த பிழையல்ல அது. டோட்டோரோ முதன்முதலில் இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் கற்பனையில் வந்து நின்றபோது எதிரில் ஒரே ஒரு சிறுமிதான் இருந்தாள். 1970களிலேயே, படமாக எடுக்க யாரும் பணம் தராத காலத்திலேயே, வண்ணம் தீட்டிய சில ஓவிய அட்டைகளை அவர் வைத்திருந்தார். பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்குழந்தை, அருகில் வந்து நிற்கும் பூதம். இதுதான் விதை. கதை, ஊர், அம்மாவின் நோய், தங்கை எல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை. 1988இல் படம் வெளியாகும் நேரத்தில் இருவரையும் போஸ்டரில் நிறுத்திப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. பழைய ஒற்றைச் சிறுமியே திரும்ப வந்து நின்றாள்.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1950களின் ஜப்பான். அம்மா மருத்துவமனையில் கிடக்க, பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லும் அப்பா இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வயல்களுக்கு நடுவே ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறார். வீட்டுக்குப் பக்கத்தில் பிரம்மாண்டமான கற்பூர மரம். அதன் பொந்துக்குள் தூங்குகிறது டோட்டோரோ. மெய் அதன் வயிற்றின்மேல் போய் விழுகிறாள். வில்லன் கிடையாது, சண்டை கிடையாது. எண்பத்தாறு நிமிடத்தில் படம் முடிந்துவிடும்.

அம்மாவின் நோய் மியாசாகியின் சொந்த வீட்டிலிருந்து வந்தது. 1941இல் பிறந்த அவருக்கு ஆறு வயதானபோது தாய்க்கு முதுகெலும்பில் காசநோய் கண்டது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அந்த அம்மாள் படுக்கையும் மருத்துவமனையுமாகவே இருந்தார். நான்கு ஆண்பிள்ளைகள் இருந்த வீடு அது. படத்தில் அவர்கள் பெண்பிள்ளைகளாக மாறியதற்கு, பையன்களாக வைத்தால் தன்னால் தாங்கியிருக்க முடியாது என்ற பொருளில் மியாசாகி பதில் சொல்லியிருக்கிறார். படம் அந்த நோயின் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் அம்மா இருக்கும் மருத்துவமனையின் பெயர் ஷிச்சிகோகுயாமா, அதாவது ஏழு நாட்டு மலை. டோக்கியோவின் மேற்கே ஹாச்சிகோகுயாமா என்று ஒரு குன்று நிஜமாகவே இருக்கிறது. அது எட்டு நாட்டு மலை. அதன் அடிவாரத்து மருத்துவமனை ஒருகாலத்தில் காசநோய்க்குப் பேர்போனது. ஒரு நாட்டை மட்டும் குறைத்துவிட்டார் இயக்குநர்.

பூதத்தின் உடம்பு வந்தது வேறு வழியில். 1971இல் மியாசாகியும் அவருடைய மூத்த சகா இசாவோ தகாஹதாவும் ஸ்வீடன் எழுத்தாளர் ஆஸ்த்ரித் லிண்ட்கிரனின் 'பிப்பி' கதையை அனிமே ஆக்க ஆசைப்பட்டார்கள். மியாசாகி ஸ்வீடனுக்கே போனார். அனுமதி கிடைக்கவில்லை. அந்த ஏமாற்றத்தின் மிச்சத்தில் அடுத்த ஆண்டு இருவரும் செய்த குறும்படம் 'பாண்டாவும் பாண்டாக்குட்டியும்'. ஜடை தூக்கி நிற்கும் தனிச் சிறுமி ஒருத்தியின் வீட்டுக்கு ஒரு பெரிய பாண்டா வந்து அப்பாவாகத் தங்கிவிடுகிறது. தொப்பை, அகன்ற சிரிப்பு, குழந்தை ஏறி விழுந்தாலும் அசையாத நிதானம் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. இன்றைக்கு அந்தப் பாண்டாவைப் பார்த்தால் டோட்டோரோவின் அண்ணன் என்றே தோன்றும். பிற்பாடு ஆந்தையும் பூனையும் தனுகி என்ற ஜப்பானியக் காட்டுப் பிராணியும் அந்த உடம்பில் கலந்தன.

படத்தில் பெரிய டோட்டோரோவோடு சிறியவை இரண்டும் வரும். ஆரம்பகாலக் குறிப்புகளில் இந்த மூன்று பூதங்களுக்கும் தனித்தனிப் பெயரும் வயதும் உண்டு. பெரியதற்கு 1,302 வயது, நடுவுள்ளதற்கு 679, குட்டிக்கு 109. சுமார் 1,300 என்று விட்டுவிடாமல் அந்த இரண்டையும் சேர்த்து எழுதியவர் கதைசொல்லிதான், சந்தேகமில்லை. படத்தில் இந்தக் கணக்கு எதுவும் வரவில்லை. மெய் தன் மழலையில் வைத்த பெயரே நின்றுவிட்டது.

ஜப்பானிய நாட்டார் வழக்கில் டோட்டோரோ என்று ஒன்று இல்லவே இல்லை. தொன்றுதொட்டு வந்த காட்டுத் தெய்வம் என்று வெளிநாட்டு ரசிகர்கள் எழுதுவதைப் பார்க்கலாம்; அது தவறு. பழைய கதைகளில் கிராமத்தார் இயற்கையின் ஆவிகளைச் சந்திக்கும் விதமே வேறு. வடகிழக்கு ஜப்பானில் தோனோ என்ற ஊர்ப்பக்கம் வழங்கிய 119 கதைகளை யனகிதா குனியோ 1910இல் நூலாகத் தொகுத்தார். ஆற்றில் கப்பா என்ற நீர்ப்பூதம், பழைய வீடுகளில் குழந்தை ஆவி, மலையில் நெடிய கூந்தல் பெண், சிவந்த முகத்து மனிதர்கள் என்று அதில் நிறைய வரும். மலையில் அவர்களைக் கண்டவன் வீடு திரும்பிப் படுக்கையில் விழுந்து சில நாளில் செத்துப்போவான். குழந்தை ஆவி வெளியேறிய வீடு அழிந்துபோகும். அங்கே சந்திப்பு என்பதற்குப் பெரும்பாலும் விலை உண்டு. 1968இல் தொலைக்காட்சிக்கு வந்து பெரும் வெற்றி பெற்ற 'கிதாரோ' அனிமேயிலும் பேய்பூதங்களை அடக்குவதும் விரட்டுவதும்தான் வாரா வாரம் நடக்கும் வேலை.

மியாசாகி அந்தப் பயத்தை எடுத்துவிட்டார். அதைச் சாத்தியமாக்கியது ஒரு தாவரவியல் புத்தகம் என்றால் கொஞ்சம் வியப்பாக இருக்கும். போருக்குப் பின் வளர்ந்த அவருக்குத் தன் நாட்டின்மீது நெடுநாள் வெறுப்பு இருந்தது. நாட்டுப்பற்று என்ற பெயரில் நடந்த அழிவுகள், போர் விமானங்களுக்கு உறுப்பு செய்துகொடுத்த குடும்பத் தொழில் எல்லாம் சேர்ந்த வெறுப்பு. சசுகே நகாவோ என்ற ஆய்வாளர் பயிர்களின் தோற்றம் பற்றி 1966இல் ஒரு சிறுநூல் எழுதினார். இமயமலை அடிவாரத்தில் தொடங்கி அசாம், யுன்னான், தென்சீனம் வழியாக மேற்கு ஜப்பான்வரை பளபளப்பான இலைகளை உதிர்க்காத மரங்களின் காடு ஒரு பட்டையாக நீள்கிறது. அந்தப் பட்டை நெடுக வாழும் மக்களிடம் தேயிலை, அரக்கு, பசைப்பிடிப்பான தானியம், நொதித்த சோயா என்று ஒரே வாழ்க்கைமுறையின் சாயல் தெரிகிறது என்பது நகாவோவின் வாதம். அரசும் கொடியும் தோன்றும் முன்பிருந்தே நீளும் ஒரு காட்டின் பிள்ளை தான் என்று எண்ணிக்கொள்ள இந்த வாதம் மியாசாகிக்கு வழி கொடுத்தது. அதைப் படித்தபோது விடுதலை பெற்றதுபோல் உணர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். டோட்டோரோ குடியிருக்கும் கற்பூர மரம் அந்தப் பசுமைமாறாக் காட்டின் மரம்தான்.

அப்படிப்பட்ட மரங்கள் ஜப்பானின் தெற்கில் இன்றும் நிற்கின்றன. ககோஷிமாவில் காமோ ஊர்க்கோயிலை ஒட்டிய கற்பூர மரத்தின் சுற்றளவு 24 மீட்டருக்கும் மேல். வயது 1,500 என்பது மதிப்பீடு. உள்ளே எட்டுப் பாய் விரிக்கும் அளவுக்குப் பொந்து. படத்து மரத்துக்கு இதுவே மாதிரி என்று நான் சொல்ல வரவில்லை. பொந்துள்ள பெருமரம், அதைச் சுற்றிக் கட்டிய வைக்கோற்புரி, பக்கத்தில் சின்னக் கோயில் என்ற காட்சி ஜப்பானியக் கண்ணுக்கு ஏற்கெனவே பழகியது. தெரிந்த மரத்தில் தெரியாத ஒன்றைக் குடிவைத்தார், அவ்வளவுதான்.

ஊரும் அப்படித்தான் உருவானது. மியாசாகி 1970 வாக்கில் குடியேறிய டோகோரோசாவா, அதை ஒட்டிய சயாமா குன்றுகள், அவர் வேலை பார்த்த பழைய ஸ்டுடியோவின் சுற்றுப்புறம், சின்ன வயதில் அவர் பார்த்த கான்டா ஆற்றங்கரை எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்த ஊர் அது. பின்னணி ஓவியங்களைத் தீட்டியவர் கசுவோ ஓகா. அவர் வடக்கே அகிதாக்காரர். அந்தப் பக்கத்து மண் கறுப்பு. டோக்கியோவைச் சுற்றிய கான்டோ சமவெளியின் மண்ணோ எரிமலைச் சாம்பல் படிந்து செம்மை ஏறியது. ஓகாவின் மண் முதலில் அகிதா மண்ணாகவே வந்ததாம். மியாசாகி விடவில்லை. செடி முளைக்கும் மண்ணின் நிறம் தவறினால் அதில் நிற்கும் பூதத்தை யாரும் நம்பமாட்டார்கள் என்பதை அறிந்த பிடிவாதம் அது. நடைபாதை ஓரத்துக் களைகளைக்கூட இன்ன செடி என்று சொல்லிவிடும்படி ஓகா வரைந்தார். இந்தப் படத்தில் யாருக்கு முதல் மாலை போடலாம் என்று என்னைக் கேட்டால் இயக்குநருக்கு முன்னால் ஓகாவுக்குத்தான் போடுவேன்.

கதை இருந்தது, ஊர் இருந்தது, பணம் இல்லை. 1984இல் மியாசாகியின் 'நௌசிகா', 1986இல் 'லபூதா' வெளியாகியிருந்தன. இடையில் 1985இல் கிப்லி ஸ்டுடியோ தொடங்கியாகிவிட்டது. முதலீட்டாளரான டோகுமா ஷோதென் பதிப்பகத்துக்கு வேண்டியதும் அதே வகைதான்: அந்நிய மணம் வீசும் பெயர், பறக்கும் கலங்கள், சாகசம். பழைய ஜப்பானியக் கிராமத்தில் இரண்டு குழந்தைகளும் ஒரு பூதமும் என்றால் எவர் டிக்கெட் வாங்குவார்? கைவிரித்துவிட்டார்கள். அப்போது அந்தப் பதிப்பகத்தின் அனிமே பத்திரிகையில் இருந்த தோஷியோ சுசூகி ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். தகாஹதாவை வைத்து அகியுகி நோசகாவின் 'மின்மினிகளின் கல்லறை' கதையையும் படமாக எடுத்து, ஒரே டிக்கெட்டில் இரண்டையும் காட்டலாம். நோசகாவின் நூலை வெளியிட்டது ஷிஞ்சோஷா என்ற மதிப்பு மிக்க பதிப்பகம். அவர்கள் ஒரு படத்துக்குப் பணம் போட்டால் டோகுமா இன்னொன்றுக்கு மறுக்க முடியாது. பூதமே வேண்டாம் என்கிறோம், இப்போது கல்லறையும் சேர்ந்ததா என்று டோகுமாவின் மேலதிகாரி ஒருவர் எரிந்து விழுந்ததாக சுசூகி பிற்பாடு சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ஆனால் திட்டம் பலித்தது.

தங்கை பிறந்ததும் இந்தக் குழப்பத்தில்தான். இரண்டு படமும் தலா ஒரு மணி நேரம் என்பது ஏற்பாடு. தகாஹதாவின் படம் வளர்ந்துகொண்டே போனது. அதைக் கேள்விப்பட்ட மியாசாகிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒற்றைச் சிறுமியை இரண்டாக்கினால் படமும் நீளும் என்று ஒருத்தியை சத்சுகியாகவும் மெய்யாகவும் பிரித்தார். சுசூகி சொல்லும் கதை இது. கொஞ்சம் காரம் சேர்த்திருப்பார் என்று வைத்துக்கொண்டாலும், விளைந்த நன்மையை மறுக்க முடியாது. தனிச் சிறுமியாக இருந்திருந்தால் பூதம் அவளுடைய கற்பனைத் துணை என்று ஒதுக்கிவிடலாம். இரண்டு பேர் பார்த்துவிட்டதால் அந்த வழி அடைபட்டது. அம்மாவுக்கு ஒன்று ஆகிவிடுமோ என்ற பயத்தில் அக்காவும் தங்கையும் சண்டைபோட, மெய் தனியாகக் கிளம்பிக் காணாமல் போகும் அந்தக் கடைசிப் பகுதியும் தங்கை இல்லாமல் பிறந்திருக்காது.

படத்தின் நடுவே ஒரு சின்னக் காட்சி. பூதத்தைப் பார்த்ததாக மெய் சொல்கிறாள், திரும்பப் போய்க் காட்ட முடியவில்லை. அக்கா சிரிக்கிறாள். அப்பா அவளை நம்புகிறார். நீ காட்டின் தலைவரைச் சந்தித்திருக்கிறாய், அது எப்போதும் நடப்பதில்லை என்று சொல்லிவிட்டு இருவரையும் மரத்தடிக்கு அழைத்துப்போகிறார். மூவரும் வரிசையாக நின்று, மெய்யைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லிக் குனிந்து வணங்குகிறார்கள். படையல் இல்லை, வேண்டுதல் இல்லை, நடுக்கமும் இல்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் பக்கத்து வீட்டாரிடம் காட்டும் மரியாதை மட்டும். படத் தலைப்பில் 'அண்டை வீட்டு' என்று இருப்பதற்கு நியாயம் செய்யும் காட்சி இது. பக்கத்து வீட்டுப் பாட்டியும் அப்படித்தான். பாழடைந்த வீட்டில் ஓடி ஒளியும் கரித்தூசிக் குட்டிகளைப் பற்றிக் கேட்டால், சின்ன வயதில் நானும் பார்த்திருக்கிறேன் என்கிறாள். அவளுக்கு அது பெரிய சங்கதி கிடையாது. அதே பாட்டி, குழந்தை காணாமல் போனதும் குளத்தங்கரையில் கைகூப்பி உட்கார்ந்து நடுங்குகிறாள். ஊராரோ நீண்ட கழிகளோடு இறங்கிக் குளத்தைத் துழாவுகிறார்கள். மெய்யைத் தேடி சத்சுகியை ஏற்றிச் செல்லும் பூனைப்பேருந்து அவர்கள் யார் கண்ணுக்கும் தெரியாது. காற்று மட்டும் அடித்துவிட்டுப் போகும்.

அந்தப் பன்னிரண்டு கால் பேருந்துக்கு மட்டும் பழைய வேர் உண்டு. வயதான பூனை உருமாறும் சக்தி பெறும் என்பது ஜப்பானில் நெடுநாள் நம்பிக்கை. இந்தப் பூனை காலத்துக்கேற்பப் பேருந்தாக மாறிக்கொண்டது. டோட்டோரோ யார் என்ற கேள்விக்கோ மியாசாகி ஒருபோதும் நேராகப் பதில் தந்ததில்லை. அது ஆவியே அல்ல, ஓக் கொட்டை தின்று வாழும் ஒரு பிராணி என்பார். காட்டின் காவலன் என்பதெல்லாம் அரைகுறை யோசனை என்பார். அந்த மழுப்பல் எனக்குப் பிடித்திருக்கிறது. அது பேசாது, வரம் தராது, நீதி சொல்லாது. பேருந்து நிறுத்தத்தில் சத்சுகி கொடுத்த குடையை மழையிலிருந்து ஒதுங்க உதவும் பொருளாகவே அது எடுத்துக்கொள்ளவில்லை. நீர் சொட்டும் சத்தம்தான் அதற்கு இனித்தது.

1988 ஏப்ரல் 16 அன்று இரண்டு படங்களும் சேர்ந்து வெளியாயின. கூட்டம் சுமார்தான். போரில் அநாதைகளான அண்ணனும் தங்கையும் பட்டினியில் சாகும் படத்தையும், பூதத்தின் வயிற்றில் படுத்துறங்கும் படத்தையும் ஒரே உட்காரலில் பார்ப்பது எளிதல்ல. முதலில் டோட்டோரோவைக் காட்டிய அரங்குகளில் பாதியில் எழுந்து போனவர்கள் உண்டு. ஆனால் விமர்சகர்கள் கைவிடவில்லை. 'கினெமா ஜுன்போ' இதழ் அந்த ஆண்டின் சிறந்த ஜப்பானியப் படமாக டோட்டோரோவையே தேர்ந்தது. அடுத்த ஆண்டு தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது நாடே பார்த்தது. படம் வந்து ஈராண்டு கழித்துத்தான் துணிப் பொம்மை கடைக்கு வந்தது. அந்தப் பொம்மை விற்ற பணம் ஸ்டுடியோவின் பற்றாக்குறையை அடைத்தது. அதன் முகமே கிப்லியின் சின்னமாகவும் ஆனது.

பயமுறுத்தாத பூதத்தைச் சிலரால் பொறுக்க முடியவில்லை. டோட்டோரோ உண்மையில் மரண தேவன், சகோதரிகள் இருவரும் செத்துவிட்டார்கள், சயாமாவில் 1963இல் நடந்த ஒரு கொலைதான் கதையின் மூலம் என்றெல்லாம் இணையத்தில் வதந்தி பரவியது. கடைசிக் காட்சிகளில் பிள்ளைகளுக்கு நிழல் விழவில்லை என்பது அவர்கள் காட்டிய சான்று. நிழல் தேவையில்லை என்று வரைபவர்கள் முடிவு செய்தார்கள், வேறொன்றுமில்லை என்று 2007இல் கிப்லியே மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. தோனோ கதைகளின் காய்ச்சல் இன்னும் விட்டபாடில்லை.

பூதத்தால் பலன் பெற்றது அதன் ஊர். சயாமா குன்றுகளின் ஓக் தோப்புகள் தானாக வளர்ந்த பெருங்காடு அல்ல. விறகுக்கும் தழையுரத்துக்குமாக ஊரார் தலைமுறை தலைமுறையாக வெட்டி, தழையவிட்டு, மறுபடி வெட்டி வளர்த்தவை. கேஸ் அடுப்பும் ரசாயன உரமும் வந்ததும் அந்தத் தோப்புகளால் யாருக்கும் உபயோகமில்லை. மனைக்காரர்கள் வந்தார்கள். படம் காட்டும் 1950கள் அந்தப் பழைய உறவின் கடைசி ஆண்டுகள். 1990இல் அப்பகுதி மக்கள் காட்டை விலைகொடுத்து வாங்கிக் காக்க ஒரு நிதி தொடங்கி, டோட்டோரோவின் பெயரைக் கேட்டார்கள். மியாசாகி கொடுத்தார். 1991இல் முதல் துண்டு நிலம் வாங்கப்பட்டது. இன்று அப்படி வாங்கிய காடுகள் ஐம்பதைத் தாண்டிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் 'டோட்டோரோவின் காடு' என்று பெயரும் எண்ணும் உண்டு. பக்கத்திலேயே ஃபுச்சி நோ மோரி என்ற ஆற்றோரத் தோப்பைக் காக்கும் குடியிருப்போர் குழுவுக்கு மியாசாகியே தலைவரானார்.

இதே படத்தின் பிள்ளைகள் என்று 'மொனொனோகே இளவரசி'யையும், மனை போட அழிக்கப்படும் குன்றில் தனுகிகள் போராடும் 'பொம்போகோ'வையும், 'முஷிஷி'யையும், 'நட்சுமேயின் நண்பர்கள் ஏடு' தொடரையும் சொல்லலாம். ஒவ்வொன்றிலும் கிராமத்தாருக்கும் காட்டின் ஆவிகளுக்கும் நடுவிலுள்ள கணக்கு வேறுவிதமாகத் தீர்க்கப்படுகிறது. முதல் அறிமுகத்துக்கு டோட்டோரோதான் சரி. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கூட உட்காரவையுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: 1988இல் அந்த அரங்குகள் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். 'மின்மினிகளின் கல்லறை'யை வேறொரு நாளில், பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள்.